அட்டையில் இல்லாத எண்

சேலையை நெய்தவரின் தொலைபேசி எண்ணைத் தர இயலாது என்று நான் சொன்னதற்கு, “அவரைக் கேட்டுட்டுத்தான் சொல்றீங்களா?” என்று அந்த வாடிக்கையாளர் கேட்டபோது, “எல்லா நெசவாளர்களுக்கும் இதுதான் மேடம் எங்க கடையோட முறை” என்று பதில் சொன்னேன். சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஆயினும் கேட்கப்பட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று என்பது அவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சேலைக்குப் பணம் செலுத்திவிட்டு, அதனோடு இருந்த அட்டையைத் தனியே எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அந்த உரையாடலைப் பலமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு முறையும் வேறு விடை கிடைக்கிறது.

சென்னையில் எங்களைப் போன்ற சிறு கடைகளுக்கு ஏதாவது ஒரு தனி அடையாளம் இல்லாமல் முடியாது. தியாகராய நகரின் பெரிய ஜவுளிக் கடையில் ஒரு தளத்தில் இருக்கும் சரக்கு எங்கள் கடை முழுவதையும் சேர்த்தாலும் வராது. ஒயிட்ஸ் சாலையில் உள்ள அமெதிஸ்ட் மரநிழலையும் காபியையும் துணிமணிகளையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. துலா அமைப்பினர் நாட்டுப் பருத்தி விளைவிக்கும் உழவரிலிருந்து தையல் வரையுள்ள தொடர்ச்சியையே விற்பனையின் உயிராகக் கொண்டிருக்கிறார்கள். எங்கள் கடை நெய்தவரை முன்னிறுத்துகிறது. ஒரு சேலையைப் போல இன்னொன்று இருக்காது. அடுக்கி வைக்காமல் கழியில் தொங்கவிட்டிருப்போம். பேரமும் தள்ளுபடியும் கிடையாது. ஒவ்வொரு சேலையோடும் நெய்தவரின் பெயர், ஊர், தறியில் இருந்த நாட்கள் ஆகியவற்றைத் தாங்கிய அட்டை ஒன்று இருக்கும். இந்த யோசனைக்கு நாங்கள் உரிமை கொண்டாட முடியாது. 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமே தன் பட்டுச் சேலைகளோடு நெசவாளரின் படத்தையும் பெயரையும் இணைத்து விற்றிருக்கிறது. எங்கள் உரிமையாளர் அதைப் பார்த்துத்தான் இந்த முறையை வகுத்தார். அட்டைகளை எழுதும் பொறுப்பு என்னுடையது. விலைச்சீட்டைத் தேடும் கை முதலில் அந்த அட்டையைத் தொட்டு நிற்பதையும், அதைப் படித்த பிறகு விலையைப் பார்க்கும் முகம் சற்று இளகுவதையும் நான் தினமும் காண்கிறேன். அது எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தருகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அது ஆகஸ்ட் 7ஐ ஒட்டிய வாரம். 1905இல் சுதேசி இயக்கம் தொடங்கிய நாளின் நினைவாக 2015 முதல் அந்த நாளைத் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த வாரத்தில் நெசவாளர்களைப் பற்றி விசாரிப்பவர்கள் எங்கள் கடைக்குக் கூடுதலாக வருவார்கள். இவர் அப்படி நாளைப் பார்த்து வந்தவராகத் தெரியவில்லை. அரக்கு நிற உடலும் மாம்பழ மஞ்சள் கரையும் கோத்து நெய்த கோர்வைக் காட்டன் சேலை ஒன்றை எடுத்து, முதலில் பின்புறம் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். சேலை தெரிந்தவர்கள் செய்வது அது. பிறகு அட்டையைப் படித்தார். “பேரு போட்டிருக்கீங்க, ஊரு போட்டிருக்கீங்க, ஆறு நாள் ஆச்சுன்னுகூடப் போட்டிருக்கீங்க. நம்பர் மட்டும் ஏன் போடலை?” என்று கேட்டார். குரலில் சண்டை இல்லை. ஆர்டர் எல்லாம் எங்கள் மூலமாகத்தான் எடுக்கிறோம் என்றேன். இன்னும் இரண்டு சேலை வேண்டும், நேரில் போய்த் தறியையும் பார்க்க விரும்புகிறேன், எண் கொடுத்தால் நானே பேசிக்கொள்கிறேன் என்றார். கொடுக்க இயலாது என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

என் பக்கத்தில் நியாயம் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க எனக்கு இப்போதும் மனமில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இடைத்தரகரை விலக்குவது என்பது எப்போதும் நல்ல காரியமாகவே தெரிகிறது. ஆனால் தறியின் கணக்கு வேறு. ஒரு பாவு, அதாவது நீளவாக்கு நூல், தறியில் ஏற்றினால் அதில் ஒரே நிற உடலில் பல சேலைகள் வரும். ஒரேயொரு சேலைக்காகத் தனியே சாயம் தோய்த்து, பாவு ஓடி, கஞ்சி போட்டு, இழைகளைப் பிணைத்துத் தறியில் ஏற்றுவது கட்டுப்படியாகாது. தொலைபேசியில் “இதே சேலை, ஆனா உடல் பச்சையில வேணும்” என்று கேட்பவருக்கு அது தெரியாது. சேலை கைக்கு வந்த பிறகு, துணியை விறைப்பாக இழுத்துப் பிடிக்கும் குச்சியின் ஊசித்துளைகள் ஓரத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கிழிசல் என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. அத்தகைய ஒரு சேலையை நாங்களே பின்னர் வாங்கி விற்றிருக்கிறோம். எங்கள் கடையில் விற்றால்தான் பணம் என்ற வழக்கம் கிடையாது. சேலை வந்து இறங்கியதும் பணம் போய்விடும், நூலுக்கு முன்பணமும் தருகிறோம், விற்காமல் தங்கும் சேலையின் சுமை எங்களுடையது. ஒரு முறை வாங்கிவிட்டு மறந்துபோகும் ஒருவரின் ஆர்வத்தை நம்பி, மாதந்தோறும் பாவு கொடுக்கும் உறவைத் தளர்த்திக்கொள்ள வேண்டுமா?

இதையெல்லாம் அந்த வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருக்கக்கூடியவர்தான். ஆனால் இவற்றில் ஒன்றுகூட அவருடைய கேள்விக்குப் பதிலாகாது. நெசவாளருக்கு எது நல்லது என்பதை நான் விரிவாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். அவரைக் கேட்டீர்களா என்ற கேள்வி அப்படியே நிற்கும். யாரும் கேட்டதில்லை என்பதே உண்மை. படம் எடுக்கக் கேட்டோம், பெயர் போடக் கேட்டோம், இரண்டுக்கும் சம்மதம் வாங்கினோம். எண் தரலாமா என்று கேட்கத் தோன்றவே இல்லை; தரக்கூடாது என்று எங்களுக்குள் முடிவாகிவிட்டபடியால் அது கேட்க வேண்டிய விஷயமாகவே படவில்லை.

அடுத்த முறை சரக்கு பற்றிப் பேச அழைத்தபோது கேட்டேன். அந்த வீட்டின் எண்ணில் எப்போதும் நெசவாளரின் மனைவிதான் எடுப்பார். அண்ணனிடம் கொடுங்கள் என்று நான் சொல்வதும், தறியில் இருக்கிறார், என்னிடம் சொல்லுங்கள் என்று அவர் சொல்வதும் வழக்கம். நடந்ததைச் சொல்லி, கொடுத்திருக்கலாமா என்று கேட்டேன்.

“குடுத்திருந்தா என்னம்மா? போன எடுக்கறது நான்தானே, நான் பேசிக்கறேன்” என்றார் அக்கா. உள்ளேயிருந்து அண்ணனின் குரல் கேட்டது: “வேணாம்னு சொல்லு. ஆளாளுக்குக் கலர் கேட்டு போன் பண்ணா, நீ பேசிக்கிட்டே இருப்பே. கரை நாடாவ யாரு தள்றது?”

அக்கா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, “அந்த அட்டையில என்னம்மா எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார். நெய்தவர் என்று அண்ணன் பெயரும், ஊரும், தறியில் ஆறு நாள் என்பதும் எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டினேன். “ஆறு நாளும் நானும்தானே உக்காந்திருந்தேன்” என்றார். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை, விவரம் சொல்லும் தொனிதான் இருந்தது. பிறகு மஞ்சள் நூல் இன்னும் வரவில்லை என்ற பேச்சுக்குப் போய்விட்டார்.

எண்ணைப் பற்றிக் கேட்கப் போன எனக்கு அன்று முதல் பெயரைப் பற்றிய யோசனைதான் ஓடுகிறது. கோர்வை என்றால் என்ன என்பதை வாடிக்கையாளர்களுக்கு நானே பலமுறை விளக்கியிருக்கிறேன். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு முற்றிலும் வேறு நிறம். ஒன்றின் சாயல் மற்றதில் கலக்காது. அதற்கு மூன்று நாடாக்கள், அதாவது குறுக்கு நூலான ஊடையை இழுத்துச் செல்லும் கட்டைகள், வேண்டும். நடுவிலுள்ள உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. ஒருவரே மூன்றையும் ஓட்டுவது கடினம் என்பதால் ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் தறியில் உட்கார்வார். ஒவ்வொரு இழைக்கும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் கோத்துக்கொள்ள வேண்டும். 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ராவில் நெசவுக்கும் இடம் இருந்தது; அந்தச் சேலைகளின் அகன்ற கரைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதை ஒரு சிறப்பாக எடுத்துச் சொல்வேன். இரண்டு பேர் என்று வாயால் சொல்லிக்கொண்டே ஒரு பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்த வாடிக்கையாளர் விரலால் தடவிப் பார்த்த இடம், இரண்டு கைகளின் நூல்கள் சேரும் இடம்.

அந்த ஒற்றைப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். கணக்குக் கோப்பிலிருந்து வந்திருக்கிறது. வங்கிக் கணக்கு அண்ணன் பெயரில் இருக்கிறது, நெசவாளர் அடையாள அட்டையும் அவர் பெயரில் இருக்கிறது. நாங்கள் தயாரித்த படிவத்தில் ‘நெசவாளர் பெயர்’ என்று ஒரே ஒரு வரி. யாரும் யாரையும் மறைக்க நினைக்கவில்லை. பணம் எந்தப் பெயருக்குப் போகிறதோ அந்தப் பெயர் தறிக்கும் போய்விட்டது. மற்ற அட்டைகளையும் எடுத்துப் பார்த்தேன். பெண் பெயர்கள் மிகச் சிலவே இருந்தன. நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி (2019–20) நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நெசவாளர்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பெண்கள். அதில் பெரும்பங்கு அசாம் முதலான வடகிழக்கு மாநிலங்களுடையது என்பதால் எங்கள் சேலைகள் வரும் காஞ்சிபுரத்தின் நிலையை அந்த எண்ணிக்கையைக் கொண்டு அளக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காஞ்சிபுரத்திலும் ராட்டையில் நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றுவது யார், பாவுக்குக் கஞ்சி போடும் விடியற்காலையில் தெருவில் நிற்பது யார் யார் என்பதை நேரில் பார்த்தவள் நான். ‘தறியில் ஆறு நாள்’ என்ற கணக்கில் அந்த வேலைகளுக்கான நாட்கள் சேரவே இல்லை.

இங்கே எனக்கு இன்னொரு சந்தேகமும் எழுகிறது. பெயர்களை இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது? சாயக்காரர் இருக்கிறார், பாவு ஓடுபவர் இருக்கிறார், கரையின் வடிவத்துக்கு அட்டை துளைத்துத் தருபவர் இருக்கிறார். எல்லாரையும் எழுதினால் வாங்குபவர் படிக்கமாட்டார். ஒருவரை எழுதினால்தான் ஒரு முகம் மனத்தில் நிற்கும். கடை நடத்துபவர் பார்வையில் அது சரி. அந்த ஒரு முகத்தைக் கண்டுதான் வாங்குபவர்களின் கை விலையைப் பொருட்படுத்தாமல் பைக்குப் போகிறது, அந்தப் பணம்தான் அண்ணன் வீட்டுக்கும் போகிறது. இதை எண்ணும்போது நான் செய்துவருவதில் பிழை காண முடியவில்லை. ஆறு நாளும் நானும்தானே என்று அக்கா சொன்னது நினைவுக்கு வரும்போது அந்த நியாயம் போதவில்லை.

உரிமையாளரிடம் இரண்டையும் சொன்னேன். பெயரைச் சேர்க்க உடனே ஒப்புக்கொண்டார். கோர்வைச் சேலைகளுக்கு இனி இரண்டு பெயர் என்று படிவத்தையே மாற்றச் சொன்னார். எண்ணைப் பொறுத்தவரை அவர் அசையவில்லை. முன்பணம் கொடுத்த சேலை வேறொருவருக்குப் போனால் கடை என்ன செய்யும் என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. வாடகை நாளை நினைத்துப் பார்த்தால் எனக்கும் அதே பயம் வரும். இருந்தாலும் பெயரைச் சேர்த்தால் அட்டை இன்னும் நன்றாக விற்கும், எண்ணைச் சேர்த்தால் கடைக்கு நட்டம் வரலாம். எது எங்களுக்குச் செலவில்லாததோ அதை மட்டும் உடனே கொடுத்துவிட்டோமோ என்ற உறுத்தல் போகவில்லை.

நீண்ட பேச்சுக்குப் பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு அவர் இசைந்தார். எண் கேட்பவர்களிடம் அவர்களுடைய எண்ணையும் என்ன தேவை என்பதையும் எழுதி வாங்கி, அக்காவுக்கு அனுப்பிவிடுகிறேன். அழைப்பதும் அழைக்காததும் அவர் விருப்பம். தீபாவளிச் சரக்கு முடியும்வரை இப்படி நடக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று உரிமையாளர் சொல்லியிருக்கிறார். சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா இதுவரை ஒருவரையும் அழைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “இப்ப கையில பாவு இருக்கும்மா. நம்பர் இருக்கட்டும், எழுதி வெச்சிருக்கேன்” என்றார். பார்த்தாயா, அவர்களுக்கே அது தேவைப்படவில்லை என்கிறார் உரிமையாளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதி வைத்திருக்கிறேன் என்ற சொல்லை நான் வேறு விதமாகக் கேட்டேன். தீபாவளிக்குப் பிறகு இந்த ஏற்பாட்டை நிறுத்தச் சொன்னால், இம்முறை அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.