கீசர் வெடித்த வீட்டுக்காரர் எங்கே தேடுகிறார்?

என் கணவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்தில் பிளம்பர். கீசர் மாற்றுவதும் குழாய்க் கசிவை அடைப்பதும் அவர் வேலை. தொலைபேசி, பில், விளம்பரம் மூன்றும் என் பொறுப்பு. சென்ற மாதம் ஒரு நிறுவனத்தார் வந்து, மாதாமாதம் பணம் கட்டினால் இணையதளம், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றையும் தாங்களே கவனித்துக்கொள்வதாகச் சொல்லி ஓராண்டு ஒப்பந்தத்தை நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை.

கேக் செய்பவருக்கும் மணப்பெண் அலங்காரம் செய்பவருக்கும் இன்ஸ்டாகிராம் உண்மையிலேயே உதவும். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வருவார்கள். பிளம்பரை அப்படி யாரும் தேடுவதில்லை. விடியற்காலையில் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும்போதுதான் தேடுவார்கள். அதுவும் கூகுளில், பக்கத்தில் யார் இருக்கிறார் என்று.

ஆகவே முதல் வேலை கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் நம் தொழிலைக் காட்டும் பக்கம். அதற்குக் கட்டணம் இல்லை. எங்களுக்குக் கடை கிடையாது, வீட்டிலிருந்தே தொழில் நடக்கிறது. வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, வேலைக்குப் போகும் பகுதிகளை மட்டும் காட்டலாம். 20 பகுதிகள் வரை அனுமதி உண்டு. நாங்கள் கிராஃப்ட்டீன், பேவியூ, சில்வர்க்ளென், ஷால்கிராஸ் ஆகியவற்றைப் போட்டோம். தொலைவிலுள்ள உம்ஷ்லாங்காவைப் போடவில்லை. தேடுபவரின் கேள்விக்கு நம் தொழில் எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தொலைவில் இருக்கிறோம், எவ்வளவு அறியப்பட்டிருக்கிறோம் என்ற மூன்றையும் வைத்தே கூகுள் வரிசைப்படுத்துகிறது. தொலைவை எந்த நிறுவனமும் நமக்குக் குறைத்துத் தர முடியாது.

அறியப்படுவது நம் கையில் இருக்கிறது. வேலை முடிந்த அன்றே எங்கள் கூகுள் பக்கத்தில் கருத்து எழுதுவதற்கான இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, எந்தப் பகுதியில் என்ன வேலை செய்தோம் என்று இரண்டு வரி எழுதும்படி வாடிக்கையாளர்களான ஆன்ட்டிமார்களிடம் கேட்கிறேன். அதற்காகத் தள்ளுபடி தருவதில்லை. கூகுள் அதைத் தடை செய்திருக்கிறது, தந்து வாங்கும் பாராட்டில் எனக்கு மதிப்பும் இல்லை.

எண்களின் பட்டியலை விலைக்கு வாங்கி எல்லாருக்கும் செய்தி அனுப்பும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எங்கள் நாட்டில் போபியா (POPIA) எனும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 1 ஜூலை 2021 முதல் முழுமையாகச் செயல்படுத்தப்படுகிறது. முன்பின் தெரியாதவருக்கு அவர் சம்மதமின்றி மின்னணு விளம்பரம் அனுப்பக் கூடாது. பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பினாலும், வேண்டாம் என்று சொல்ல வழி வைத்தாக வேண்டும்.

கூகுளில் காசு கொடுத்து விளம்பரம் செய்வது எங்களுக்குக் குளிர்காலத்தில் மட்டும்தான். ஒவ்வொரு கிளிக்குக்கும் பணம் போகும் என்பதால், நான் போனை எடுக்கக்கூடிய நேரத்துக்கும் எங்கள் பகுதிகளுக்கும் மட்டுமே அதை ஓடவிடுகிறேன். பிளம்பர் வேலைவாய்ப்பு, பயிற்சி, சம்பளம் என்று தேடுபவர்களுக்கு விளம்பரம் தெரியாதபடி அந்தச் சொற்களையும் விலக்கிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் வேலை தேடும் பிள்ளைகளின் கிளிக்குக்கும் நாம்தான் பணம் கட்டுவோம்.

அழைப்பவர் ஒவ்வொருவரிடமும் எங்கள் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டு நோட்டில் எழுதுகிறேன். எத்தனை பேர் படத்தைப் பார்த்தார்கள் என்ற அறிக்கையைவிட அந்த நோட்டையே நம்புகிறேன்.

வெளியாரை உதவிக்கு வைத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று. ப்ரொஃபைலின் உரிமையாளராக உங்கள் மின்னஞ்சல்தான் இருக்க வேண்டும். அவர்களுக்கு மேலாளர் அனுமதி போதும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வாடிக்கையாளர் எழுதிய ஒவ்வொரு வரியும் உங்களிடமே இருக்கும்.