தார்ப்பாய் வேர்வை

2023 பிப்ரவரியில் மன்னார்குடிப் பக்கம் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்தேன். சம்பா அறுவடை நேரத்தில் பருவம் தவறிய மழை, களமெங்கும் தார்ப்பாய். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கக்கூடாது. எனக்கு அது வேதவாக்கு. காரணமில்லாத விதியும் இல்லை. ஈர நெல்லை அடுக்கினால் மூட்டை சூடேறிப் பூசணம் பிடித்துவிடும்.

ஒரு காலையில் ஒரு பெரியவரின் குவியலில் மேலாக அள்ளி அளந்தேன். 21.

"தம்பி, தார்ப்பாய் வேர்த்து மேல் நெல்லுதான் நனைஞ்சிருக்கு. உள்ள கைய விட்டு எடுங்க."

"ஒருதரம் பார்த்தா பார்த்ததுதாங்க ஐயா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். மத்தியானம் அவர் சாப்பிடப் போன சமயம் மனசு கேட்காமல் முழங்கை வரை விட்டு எடுத்தேன். 18. அப்போதும் விதிப்படி எடுக்க முடியாதுதான். ஆனால் 21 இல்லையே!

அந்த மாதம்தான் மத்தியக் குழு டெல்டாவுக்கு வந்து நெல் மாதிரி எடுத்துப்போனது. முதல்வர் 22 வரை கேட்டிருந்தார். 20 வரை தளர்த்தினார்கள். கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை என்று எங்கள் பக்கம் குறை. எனக்கு அது குறையாகப் படவில்லை. கூச்சலுக்குப் பணிந்து ஏற்றிய எண்ணாக இருந்தால் 22 வரை போயிருக்கும். இது நெல்லைத் தொட்டுப் பார்த்தபின் நின்ற எண்.

முன்பு எடுத்த முடிவை மாற்றிக்கொண்டால் டீக்கடையில் அதற்குப் பெயர் 'பல்டி'. டெல்டா மண்ணுக்கடியிலிருந்து மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்தின் கதையும் அங்கே அடிக்கடி வரும். 2011இல் திமுக ஆட்சியில் ஒப்பந்தம், 2013இல் அதிமுக ஆட்சியில் வல்லுநர் குழு, 2015இல் நிராகரிப்பு. ஒருவர் போட்டதை இன்னொருவர் அழிப்பது பெரிய காரியமில்லை. ஒப்பந்தம் போட்ட கட்சியே பிற்பாடு எதிர்த்துப் பேசியதே, அதுதான் கடினம். "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க" என்று இன்றைக்கும் குத்துகிறார்கள். இப்படிக் குத்தினால் அடுத்தவன் எதற்குத் திருந்துவான்? ஓட்டுக்காக மாறினார்களோ என்னவோ, மண்ணுக்கு நல்லது.

தளர்வு உத்தரவு வந்ததும் பெரியவரின் நெல்லை எடுத்தோம். சாக்கு தைக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். எனக்கு இழக்க ஓட்டு கிடையாது, கட்சி கிடையாது. இருந்தும், அன்று மத்தியானம் மறுபடி அளந்ததை அவரிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.