ராணுவம் தெருவில் இறங்கினால் நான்கு விவரம் கேளுங்கள்

2021 ஜூலைக் கலவரத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து ஃபீனிக்ஸ் தெருக்களில் ராணுவ வண்டிகளைப் பார்த்ததும் பலருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அது நியாயமே. முதலில் 2,500 பேரை அனுப்புவதாகச் சொன்னார்கள். அந்த வாரமே பேச்சு 25,000 பேருக்குப் போனது. அந்தக் கணக்கை யார் யாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை ஃபீனிக்ஸிலும் அதே நகரின் சாட்ஸ்வர்த்திலும் இருக்கும் நம்மவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 201ஆம் பிரிவுப்படி, போலீசுக்குத் துணையாகப் படையை இறக்க அதிபர் ஒருவரால்தான் முடியும். தளபதியால் முடியாது, மாகாண முதல்வராலும் முடியாது. இறக்கியதும் நாடாளுமன்றத்துக்கு உடனே நான்கு விவரம் போக வேண்டும்: ஏன், எங்கே, எத்தனை பேர், எத்தனை நாள். முதல் ஏழு நாளில் நாடாளுமன்றம் கூடாவிட்டால் அதே விவரம் அதன் மேற்பார்வைக் குழுவுக்குப் போக வேண்டும்.

நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை, தெரிவித்தாலே போதும். (203ஆம் பிரிவின் போர்க்கால அறிவிப்பு வேறு; ஏழு நாளுக்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால் அது காலாவதி.) ஆகவே குழு உறுப்பினர்கள் அதிபர் இந்த விவரங்களை எழுதி அனுப்பும் கடிதத்தை வரிவரியாகப் படித்து, "இத்தனை பேர் எதற்கு, இன்னும் ஒரு மாதம் எதற்கு?" என்று குடைந்தால்தான் கடிவாளம் இறுகும். கேட்க ஆளில்லாவிட்டால் கடிதம் கோப்பில் தூங்கும்.

பணத்தை இன்னும் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும் என்பேன். 2002ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டப்படி துறையின் கணக்குக்குப் பொறுப்பு பாதுகாப்புச் செயலர். அவர் சிவில் அதிகாரி. படை தளபதி கையில், கணக்கு செயலர் கையில். இந்த ஏற்பாடு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2020 கொரோனா காலத்தில் கண்டோம். இந்த நாட்டில் பதிவாகாத இன்டர்ஃபெரான் மருந்தை கியூபாவிலிருந்து ராணுவம் வரவழைத்தது. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வாங்கவில்லை. தணிக்கையில் கேள்வி எழுந்தது, ஆனால் அதற்குள் மருந்து வந்து இறங்கிவிட்டது.

வீரர் அடித்தாலோ மிரட்டினாலோ பொதுமக்களும் ராணுவ ஆம்பட்ஸ்மனிடம் (ராணுவத்தினர் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி) எழுத்தில் புகார் தரலாம். 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. தேதி, நேரம், தெரு, சட்டையிலுள்ள பெயர்ப்பட்டை, வண்டி எண், மருத்துவச் சான்று எல்லாம் வேண்டும். "யாரோ ஒரு சிப்பாய்" என்று எழுதினால் விசாரணை நகராது. ஆம்பட்ஸ்மன் பரிந்துரைக்கத்தான் முடியும், நிறைவேற்றுவது அமைச்சர். அதனால் போலீஸிலும் தனியாக வழக்குப் பதிந்து எண்ணை வாங்கி வையுங்கள். குற்ற விசாரணைக்கு அது ஒரு வழி.