ஆறு பாட்டில் மணி பிளான்ட்டும் மண்ணும்

சமையலறை ஜன்னலோரம் ஆறு பாட்டில்களில் மணி பிளான்ட் வைத்திருந்தேன். மண் வேண்டாம், உரம் வேண்டாம், தண்ணீர் குறைந்தால் ஊற்றினால் போதும் என்று இரண்டு வருடமாக அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் புத்தாண்டுக்கு வீட்டைத் துடைக்கும்போது ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், வேர்களுக்கு நடுவே ஏதோ நெளிந்து நெளிந்து மேலே வருகிறது. கொசுப்புழு!

நாங்கள் இருப்பது இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், கிழக்குக் கரையில் சேந்த்-ஆந்த்ரே என்ற ஊரில். அந்த மாதம் இங்கே தெருவுக்குத் தெரு சிக்குன்குனியா. 2005-06இல் தீவில் மூன்றில் ஒருவரைப் படுக்கப் போட்ட அதே காய்ச்சல்தான், இருபது வருடம் கழித்துத் திரும்ப வந்திருந்தது. தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள் என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்க, நான் என்னவோ கொசுவுக்கு ஆறு வீடு கட்டி வாடகை இல்லாமல் விட்டிருக்கிறேன். அன்றைக்கே முடிவு செய்தேன், எல்லாம் மண்ணுக்குப் போகட்டும்.

முதலில் எடுத்தது இருப்பதிலேயே பெரிய இரண்டு. வேர் பாட்டிலின் அடியில் சுருண்டு சுருண்டு ஒரு முழ நீளம் இருக்கும், இவ்வளவு வேர் இருந்தால் பயமே இல்லை என்று நினைத்தேன். தோட்டத்து மண்ணையே அள்ளித் தொட்டியில் போட்டு, வேரை மடித்துத் திணித்து, நன்றாக அழுத்தி, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாள் இலை தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன், அதுதான் தப்பு. பத்தாம் நாள் பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாகி, விரலில் தொட்டாலே தோல் உரிந்துவிட்டது, அழுகல் நாற்றம் வேறு. ஒன்று செத்தது. இன்னொன்றில் தண்டு மட்டும் பச்சையாக மிஞ்சியது.

காரைக்காலில் இருக்கும் அம்மாவிடம் போனில் புலம்பினேன். "தண்ணியிலயே கெடந்ததைக் கொண்டுபோய் மண்ணுல போட்டா, அதுக்குக் குடிக்கத் தெரிய வேணாமா?" என்றார். படித்துப் பார்த்தபோது அம்மா சொன்னது அப்படியே உண்மை. தண்ணீரில் வளரும் வேருக்கு உறிஞ்ச மெனக்கெட வேண்டியதில்லை, அதனால் அதில் வேர்த்தூவி, அதாவது வேரின் மேல் இருக்கும் மெல்லிய முடி, குறைவு. தண்ணீரில் காற்று கம்மி என்பதால் உள்ளே காற்றறைகளோடு மெத்தென்று வளர்கிறது. மண்ணிலோ, துகளைச் சுற்றி ஒட்டியிருக்கும் ஈரத்தைத் தூவிதான் தேடிப் பிடிக்க வேண்டும். ஆக, செடி மண்ணுக்குள் போய்ப் புது வேர் விட்டால்தான் பிழைக்கும். பழைய வேர் அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க வைத்திருக்கும் முன்பணம் மாதிரி.

பாட்டிலிலேயே தினம் ஒரு கரண்டி மண் போட்டு மெதுவாகப் பழக்கலாம் என்று எங்கோ பார்த்து, மூன்றாவதில் அதையும் செய்தேன். நான்கே நாளில் சாக்கடை வாசம். கழுவி எடுத்து வைத்துவிட்டேன், யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மா வனிலா வளர்ப்பவர். தாத்தாவின் அப்பா காலத்தில் வந்த தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பேச்சு முழுக்க கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த இந்தத் தீவின் மொழி. வனிலாவும் கணுவில் வேர் விட்டு மரத்தைப் பிடித்து ஏறும் கொடிதானே என்று கேட்கப் போனேன். வனிலா வேர் மட்கிய இலைக்குள் மேலாப்பில் ஓடும், தண்ணீர் நின்றால் போய்விடும், உன் தோட்டத்துக் களிமண்ணை மறந்துவிடு என்று சொல்லி ஒரு பை இலைமட்கும் தந்தார். அதில் பாதி, ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூள் பாதி, கூட இரண்டு கை எரிமலைச் சரளை. எரிமலைத் தீவில் அதற்கா பஞ்சம்!

இந்த முறை பழைய நீள வேர்களை நம்பவில்லை. மீதி மூன்று பாட்டிலிலும், கழுவி வைத்த அந்த ஒன்றிலும் இருந்த கொடிகளை இரண்டு கணு இருக்கும்படி வெட்டி, தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி, புது வேர் நாலு சென்டிமீட்டர் வந்ததும் நட்டேன். ஓட்டை போட்ட சிறிய தொட்டி, மண்ணை அழுத்தாமல் தட்டி மட்டும் விட்டது, மேலே இரண்டு துளை போட்ட பிளாஸ்டிக் பை. நேர் வெயில் இல்லாத இடம். முதல் இரண்டு வாரம் மண் காயவே விடவில்லை, ஆனால் சொதசொதவென்றும் இல்லை, பிழிந்த துணி ஈரம். மூன்றாவது வாரம் பையைக் கொஞ்ச நேரம் கொஞ்ச நேரமாகத் திறந்தேன், அப்புறம் மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்தால்தான் தண்ணீர். உரம் எதுவும் போடவில்லை.

பதினோரு துண்டில் ஒன்பது பிடித்தது. ஒவ்வொன்றிலும் ஓர் இலை மஞ்சளாகி விழுந்தது, அதற்குப் பதறவில்லை. மே கடைசியில் முதல் புது இலை சுருள் பிரிந்தது. இங்கே பூமத்திய ரேகைக்குத் தெற்கே என்பதால் அதற்குள் குளிர்காலம் வந்துவிட்டது, வளர்ச்சி மந்தம். ஏப்ரலுக்குப் பதில் நவம்பரில் தொடங்கியிருந்தால் வேகமாக வந்திருக்கும். இந்தக் கொடியின் சொந்த ஊர் பசிபிக் கடலில் இருக்கும் மோரேயா, அதுவும் பிரெஞ்சுக் கொடி பறக்கும் தீவுதான், ஆனால் அங்கே இப்படிக் குளிராது போல.

செத்துப் பிழைத்த அந்தத் தண்டு இன்னும் பாட்டிலில்தான் இருக்கிறது, வாயைச் சுற்றி வலைத்துணி கட்டி.

இன்னொன்று, போன ஞாயிறு தொட்டிகளைத் தூக்கித் துடைத்தபோது அடித்தட்டில் தேங்கிய தண்ணீரில் மறுபடியும் நெளிகிறது. இப்போது எல்லாத் தட்டிலும் ஈர மணல்.