வீடு யார் பெயரில்?

லண்டனில் கவுன்சில் வீடுகளின், அதாவது உள்ளாட்சி மன்றம் வாடகைக்கு விடும் வீடுகளின், ஒப்பந்தங்களைப் பார்க்கும் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். பழுது பார்க்கும் பிரிவுக்கு ஈரம், பூஞ்சை, பாய்லர் என்று போன் வரும். எங்கள் மேசைக்கு வருவது வேறு மாதிரி. வாடகைக்காரர் இறந்துவிட்டார், கணவன் மனைவி பிரிந்துவிட்டார்கள், ஊருக்குப் போன அம்மா இன்னும் திரும்பவில்லை. இதையெல்லாம் நடந்த உடனே வந்து சொல்பவர்கள் அபூர்வம். "சொன்னால் வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள்" என்ற பயம் நம் ஆட்களிடம் நிறைய உண்டு. அதனால் கடிதங்கள் பிரிக்கப்படாமல் டிராயரில் கிடக்கும். கடைசியில் கோர்ட் தேதி போட்ட கடிதம் வந்த பிறகுதான் ஓடி வருவார்கள்.

நாற்பதைத் தாண்டிய ஒருவர் தன் பெரியம்மாவோடு வந்தார். அம்மா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவர் பேசவே இல்லை, பெரியம்மாதான் பேசினார்: "தம்பி, இவன் வளர்ந்ததே அந்த வீட்டிலதான். ஒரு கிழமை வாடகைகூட பாக்கி வச்சதில்லை. இப்ப வெளிய போ எண்டால் இவன் எங்க போறது?" நியாயமான கேள்வி. பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஆரம்பத்தில் அப்பா, அம்மா இருவர் பெயரிலும் கூட்டு ஒப்பந்தம். அப்பா இறந்தபோது கவுன்சில் அனுப்பிய கடிதத்தின் நகல் உள்ளே இருந்தது. அனுதாபம் ஒரு வரி, இனி ஒப்பந்தம் உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் என்று இன்னொரு வரி. அந்த இரண்டாவது வரியில்தான் எல்லாம் முடிந்துபோயிருந்தது. இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டு ஒப்பந்தம் சட்டப்படி வாரிசு முறையில் ஒரே ஒரு தடவைதான் கை மாறும். கூட்டாக இருந்த இருவரில் ஒருவர் இறந்து மற்றவர் தனியாகத் தொடர்வதும் அந்த ஒரு தடவையாகவே கணக்கில் வரும். அம்மா அதைப் பயன்படுத்திவிட்டார். மகனுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

இதை அந்தக் கடிதத்திலேயே இன்னும் ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எங்கள் துறையின் கடிதங்கள் மேல் எனக்குள்ள பெரிய குறையே இதுதான். சட்டம் தவறாமல் இருக்கும், படிப்பவருக்கு என்ன நடக்கப்போகிறது என்பது மட்டும் இருக்காது. மகனுக்குப் புதிதாக ஒரு ஒப்பந்தம் கொடுப்பதா என்பது கவுன்சிலின் விருப்பம். உரிமை என்று கேட்க முடியாது, காரணங்களை எழுதி விண்ணப்பிக்கலாம். அவரையும் அப்படித்தான் எழுத வைத்தோம். கடைசியில் சின்ன வீடு ஒன்று கிடைத்தது, பழைய வீடு கிடைக்கவில்லை.

வாரிசு முறை இன்னும் மீதி இருக்கிற குடும்பங்களிலும் ஒப்பந்தம் எப்போது தொடங்கியது என்பது முக்கியம். 2012 ஏப்ரல் 1-க்கு முன் தொடங்கிய பழைய பாதுகாப்பு ஒப்பந்தம் (ஆங்கிலத்தில் secure tenancy) என்றால், கணவனோ மனைவியோ இல்லாதபோது, இறப்பதற்கு முந்தைய 12 மாதங்கள் கூடவே வாழ்ந்த பிள்ளையோ சகோதரரோ கேட்கலாம். அதற்குப் பிறகு தொடங்கியது என்றால், ஒப்பந்தத்திலேயே வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர, வாழ்க்கைத் துணைக்கு மட்டும்தான். ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கமில்லாத வீட்டு அமைப்பு) வீடுகளில் விதி வேறு, அங்கேயும் பெரும்பாலும் துணைக்குத்தான். கூடவே வாழ்ந்ததை நிரூபிக்க வங்கிக் கடிதம், டாக்டர் பதிவு, வாக்காளர் பட்டியல் எல்லாம் அந்த முகவரியில் இருக்க வேண்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கிய மகளின் கடிதமெல்லாம் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தால், உண்மையிலேயே அங்கே வாழ்ந்திருந்தாலும் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அப்படியே வீடு கைக்கு வந்தாலும், மூன்று படுக்கையறையில் தனி ஆள் என்றால், பழைய வாடகைக்காரர் இறந்து ஆறு மாதத்துக்கு மேல், ஒரு வருடத்துக்குள், வேறு பொருத்தமான வீடு காட்டி மாறச் சொல்லி கவுன்சில் நோட்டீஸ் கொடுக்கலாம். துணையாக இருந்து வாரிசானவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

வாடகைக்காரர் இறந்தவுடன் ஒப்பந்தம் தானாக முடிவதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. யாராவது முறைப்படி நோட்டீஸ் கொடுக்கும்வரை வாடகைப் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும், அரசாங்க உதவிப்பணமோ நின்றுபோயிருக்கும். அந்தக் கடன் இறந்தவர் விட்டுப்போன சொத்துக்குத்தான். பிள்ளைகள் சொந்தக் காசில் கட்ட வேண்டியதில்லை. அடக்கச் செலவோடு சேர்த்து இதையும் கடன் வாங்கிக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பிரிவு விஷயத்துக்கு வருவோம். மனசைப் பிசைவது இதுதான். கூட்டு ஒப்பந்தத்தில் இருவரில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு நான்கு வார நோட்டீஸ் கொடுத்தால் முழு ஒப்பந்தமும் முடிந்துவிடும். மற்றவரிடம் கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். 1991-ல் ஹேமர்ஸ்மித் கவுன்சில் வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதைத் தீர்மானித்தது, 2014-ல் உச்ச நீதிமன்றமும் அதையே நிலைநிறுத்தியது. கோபத்தில் வீட்டை விட்டுப் போன கணவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட, இரண்டு பிள்ளைகளோடு உள்ளே இருக்கும் மனைவிக்கு இருந்த உரிமை போய்விடும். நோட்டீஸ் செல்லுபடியாகிக் காலமும் முடிந்துவிட்டால், விவாகரத்து கோர்ட்டில் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக் கேட்டாலும் மாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. பிரச்சினை தொடங்கிய உடனேயே வழக்கறிஞரிடம் போனால், நோட்டீஸ் கொடுக்க மாட்டேன் என்று எதிர்த் தரப்பிடம் கோர்ட்டுக்கு உறுதிமொழி வாங்கலாம், இல்லாவிட்டால் தடையுத்தரவு கேட்கலாம். "கொஞ்ச நாள் பார்ப்பம், மனம் மாறுவார்" என்று உறவுகள் சொல்கிற அந்தக் கொஞ்ச நாளில்தான் நான்கு வாரமும் ஓடிவிடுகிறது.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் பொது: உள்ளே குடியிருப்பவரைக் கோர்ட் உத்தரவு இல்லாமல் வெளியே தள்ள கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை. நோட்டீஸைப் பார்த்ததும் பெட்டி கட்டத் தொடங்காதீர்கள்.

ஊர்ப் பயணம். குளிர்காலத்துக்கு யாழ்ப்பாணமோ சென்னையோ போவது தப்பில்லை, வீடு உங்கள் பிரதான இருப்பிடமாக இருக்கும்வரை ஒப்பந்தத்துக்கு ஆபத்தும் இல்லை. ஆனால் ஹவுசிங் பெனிஃபிட் (வாடகைக்கான அரசாங்க உதவிப்பணம்) வெளிநாட்டுப் பயணத்துக்குப் பொதுவாக நான்கு வாரம்தான் தாங்கும், நெருங்கிய உறவினர் இறப்பு என்றால் இன்னும் நான்கு வாரம். மூன்று மாதம் போய் வருபவருக்குத் திரும்பும்போது பாக்கி காத்திருக்கும். போகும்போது வீட்டை முழுசாக யாருக்காவது வாடகைக்கு விட்டுப் போவதோ 2013 சட்டப்படி குற்றம், ஏமாற்று நோக்கம் நிரூபணமானால் இரண்டு வருடம் வரை சிறை. "தெரிஞ்ச பொடியன்தான், சும்மா காவலுக்கு" என்று சொல்வார்கள். அந்தப் பொடியன் மாதாமாதம் அனுப்பிய பணம் வங்கிக் கணக்கில் அப்படியே இருக்கும்.

வீடு மாற்றிக்கொள்வதில் பெரிய சிக்கல் இல்லை. இரண்டு வாடகைக்காரர்கள் வீட்டைப் பரிமாறிக்கொள்ளக் கேட்டால் கவுன்சில் 42 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும், சட்டத்தில் உள்ள காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம். எழுத்தில் அனுமதி வராமல் லாரி பிடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, தானாகவே விட்டுப் போகிறவர்கள். நான்கு வார நோட்டீஸை எழுத்தில் கொடுங்கள். பல இடங்களில் திங்கட்கிழமை மதியத்துக்குள் சாவி வர வேண்டும், தாண்டினால் இன்னொரு வார வாடகை. பரணிலும் ஷெட்டிலும் விட்டுப் போகிற சாமானை அகற்றும் செலவு உங்கள் பெயரில்தான் வரும். மீட்டர் அளவை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கேட்பார் இல்லாத ஓர் உரிமை: பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இருந்தவர், 1994 ஏப்ரலுக்குப் பிறகு எழுத்து அனுமதியோடு சமையலறை, குளியலறை போன்றவற்றைச் சொந்தக் காசில் மேம்படுத்தியிருந்தால், தேய்மானம் கழித்து ஒரு வேலைக்கு 3,000 பவுண்டு வரை ஈடு கேட்கலாம். ஒப்பந்தம் முடிவதற்கு 28 நாட்கள் முன்பிருந்து முடிந்து 14 நாட்கள் வரை விண்ணப்பிக்க நேரம் உண்டு. ரசீது இருந்தால் கொண்டு வாருங்கள். சாவியைக் கொடுக்கும்போது அதற்கும் ஒரு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கவுண்டரில் இருப்பவர் முகம் சுளித்தாலும் சரி.