கைக்கு மூன்றில் ஒரு பங்கு தனி

காசு வாங்கிக்கொண்டு முகம் வரைந்து கொடுப்பவர்களின் வேலை பெரும்பாலும் கெடுவது பேச்சில்தான். பாதி வரைந்திருக்கும்போதே படம் கேட்டவர்கள் எட்டிப் பார்த்து, "மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்குங்களேன்" என்பார்கள். கூட வந்தவர் சாயல் இல்லை என்பார். பேஸ்டலில், அதாவது பொடியாய் உதிரும் வண்ணக்குச்சியில், ஒரு இடத்தை மூன்றாம் முறை திருத்தினால் தாளின் சொரசொரப்பு நிரம்பிப்போய், மேலே போடும் பொடி ஒட்டாது. அடியில் இருக்கும் கரி கலந்து நிறம் சேறாகிவிடும்.

இதற்கு மருந்து கண்டவர் போலந்து ஓவியர் ஸ்தனிஸ்வாவ் இக்னட்ஸி வித்கியேவிச். தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் வித்கட்ஸி. 1925ல் உருவப்பட நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1928ல் அச்சான அதன் விதிமுறைகளைப் படித்துச் சிரிக்காதவர் இல்லை. தொழிலில் இருப்பவர் சிரித்துவிட்டு மறுபடி படிப்பார். முடியும்வரை படத்தைப் பார்க்கக் கூடாது. விமர்சனம் அறவே கூடாது. பிடிக்காவிட்டால் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுப் போகலாம். படம் நிறுவனத்துக்கே சொந்தம், அழிக்கச் சொல்லும் உரிமை கிடையாது. கை தெரிய வேண்டுமா, ஒவ்வொரு கைக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கையை ஒழுங்காக வரைய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்தவர் வைத்த விலை அது. தாமதமாக வராதீர்கள், காத்திருப்பது நிறுவனத்தின் மனநிலையைக் கெடுக்கும் என்றும் ஒரு விதி உண்டு. அந்த 'நிறுவனம்' அவர் ஒருவர்தான்!

படங்களை ஏ முதல் ஈ வரை வகை பிரித்திருந்தார். ஏ வகை வழவழப்பானது: குணத்தைச் சற்று விட்டுக்கொடுத்து அழகைக் கூட்டுவது. பி வகையில் கோடு கூர்மையாகும், முகத்தின் குணம் தூக்கலாக வரும். சி வகை சாராயத்தின், போதைப்பொருளின் துணையோடு வரைவது. அதற்கு விலையே இல்லை, நண்பர்களுக்கு மட்டும். அதே விளைவை எந்தத் துணையும் இல்லாமல் கொண்டுவருவது டி. ஈ வகை உள்ளுணர்வின் போக்கில் வருவது.

இந்தப் பட்டியலை அவருடைய வாழ்க்கையோடு ஒட்டிப் படிக்கலாம் என்பது என் எண்ணம். 1885ல் வார்சாவில் பிறந்து ஸாகோபானே மலையூரில் வளர்ந்தவர். இயற்கையை உள்ளபடி பார் என்று சொன்ன ஓவியரான தந்தையிடம் கற்றது ஏ வகையில் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் கோகனின் நண்பரான ஓவியர் ஷ்லெவின்ஸ்கியிடம் பயின்றபோது அழுத்தமான புறக்கோடும் தட்டையான நிறமும் வந்து சேர்ந்தன. 1914 தொடக்கத்தில், மணக்கவிருந்த பெண் தற்கொலை செய்துகொண்டார். அந்த ஆண்டே மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியோடு கப்பலேறி, இலங்கை வழியாக ஆஸ்திரேலியா போனார். போர் மூண்டதும் திரும்பி ரஷ்யப் படையில் சேர்ந்து, 1916ல் காயம்பட்டார். 1918ல் போலந்து திரும்பி, வடிவமே கலை என்ற 'தூய வடிவம்' கொள்கையை எழுதி எண்ணெய் வண்ணத்தில் இறங்கினார். சில ஆண்டுகளில் எண்ணெய் வண்ணத்தைக் கைவிட்டு, பிழைப்புக்கு நிறுவனம். தூய வடிவத்துக்கு மிக அருகில் நின்றது சி வகை. விலைக்குக் கொடுக்காததும் அதைத்தான்.

அவர் படம் கையில் கிடைத்தால் முதலில் கையெழுத்து இருக்கும் மூலையைப் பார்க்க வேண்டும். வகை எழுத்தோடு 'புகைக்கவில்லை', 'குடிக்கவில்லை' என்பதன் சுருக்கெழுத்துகளும், எத்தனை நாளாக என்ற எண்ணும் இருக்கும். சிலவற்றில் கொக்கெயின், சிலவற்றில் வெறும் தேநீர். தேதியைவிட இது உபயோகம்: கோடு ஏன் இப்படி ஓடுகிறது என்பதற்கு விளக்கம் அங்கேயே இருக்கிறது. ஆனால் மூலையைப் படித்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போகிறவர்களும் உண்டு.

படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் வேலையை நிறுவனம் எடுத்துக்கொள்ளவில்லை, ஆலோசனையோடு சரி. பேஸ்டல் பொடியைப் பிடித்துவைக்கும் பசை மிகக் குறைவு. கண்ணாடி தாளைத் தொட்டால் நிறம் அதில் ஒட்டிவிடும்; நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கண்ணாடிக்குப் பதில் சாதா அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு கூடாது, துணியால் துடைத்ததும் அதில் ஏறும் நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும். பொடி உதிராமல் பிடித்துவைக்கத் தெளிக்கும் ஃபிக்ஸேடிவ் அடித்தால் வெளிர் நிறங்கள் கறுக்கும். போலந்தின் ஸ்வுப்ஸ்க் நகர அருங்காட்சியகத்தில் அவருடைய படைப்புகள் 250க்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் பேஸ்டல்.