மாசசூசெட்ஸில் வாசனைப் புகையிலை

2017 கடைசியில் திருச்சியிலிருந்து மாசசூசெட்ஸுக்குக் குடிவந்தோம். வாடகை வீடு லோவெல் பக்கம். அங்கிருந்து கொஞ்ச தூரம் வடக்கே போனால் நியூ ஹாம்ப்ஷயர் மாநில எல்லை. வந்த புதிதில் எனக்கு நன்றாகப் பழக்கமான அமெரிக்கர் ஒருவர்தான், பக்கத்து வீட்டுப் பெரியவர். டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி இதே மாநிலத்தின் மேனார்டு ஊரில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அங்கே பொறியாளராக இருந்தவர். பனி வாருவதற்கு எந்த மண்வெட்டி வாங்குவது, வாசல்படியில் உப்பு எப்போது தூவுவது, குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்று எல்லாம் அவர் சொல்லித் தந்ததுதான். சாயங்காலம் கராஜ் கதவைப் பாதி தூக்கிவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பைப் (புகைக்குழாய்) பிடிப்பார். வனிலா வாசம் எங்கள் வாசல் வரை வரும். அந்த வாசனைப் புகையிலையை 2020-இலிருந்து இந்த மாநிலக் கடைகளில் விற்கக்கூடாது. அந்தத் தடையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பைப் பிடிக்க நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான். பைப் முனையிலுள்ள கிண்ணத்தில் புகையிலையை மூன்று முறையாக நிரப்ப வேண்டும். முதல் முறை குழந்தையின் கையால் அழுத்துவதுபோல, அடுத்தது பெண்ணின் கையால், கடைசியில் ஆணின் கையால் என்பது பைப்காரர்கள் காலங்காலமாகச் சொல்லும் பாடம். ஒருமுறை பற்றவைத்து, மேலே எழும்பி வரும் இலையை மெல்லத் தட்டி உட்காரவைத்து, மறுபடி பற்றவைக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் நாக்கு பொத்துப்போகும். ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் நாங்கள் பேசியதெல்லாம்தான் எனக்கு இந்த நாட்டைப் பற்றிய முதல் படிப்பு.

இது நல்ல பழக்கம் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் நிகோடின் வாய் வழியாகவே ரத்தத்தில் ஏறும். வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்க்கு பைப்பும் ஒரு காரணம். அது தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கிண்ணம் என்று வைத்திருக்கிறேன். பெரியவருக்கு எண்பதை நெருங்குகிறது. அவர் தினமும் பிடிப்பார்.

பாஸ்டன் வட்டாரத்தில் இதற்கென்றே பழைய கடைகள் உண்டு. பார்க் ஸ்கொயரில் எல்.ஜே. பெரெட்டி 1870-இலிருந்து இருக்கிறது. ஹார்வர்ட் ஸ்கொயரில் லெவிட் அண்ட் பியர்ஸ் 1883-இல் தொடங்கியது. முதல் தடவை பெரியவரோடு பாஸ்டனுக்குப் போனபோது, புகையிலைக் கடை என்றால் இப்படியும் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எந்த இலை எங்கே விளைந்தது, எதோடு எதைக் கலந்தால் என்ன ஆகும் என்று கேட்கக் கேட்கச் சொல்வார்கள். வேலை, விசா, வாடகை தவிர வேறு விஷயம் பேச இடமில்லாமல் தவித்தவனுக்கு அது பெரிய ஆறுதல்.

புகையிலையில் வாசனை சேர்ப்பது இரண்டு கட்டமாக நடக்கும். இலையை நறுக்கும் முன் சர்க்கரைப்பாகு, அதிமதுரம் போன்றவற்றில் ஊறவைப்பதை கேஸிங் என்பார்கள். நறுக்கிய பிறகு வனிலா, செர்ரி, ரம் என்று மேலே தெளிப்பது டாப்பிங். பர்லி என்ற இலையில் இயல்பான சர்க்கரை குறைவு. கொடுக்கிற வாசனையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அமெரிக்கர்கள் பரவலாகப் பிடிக்கும் இனிப்பு வாசனைக் கலவைகள் பலவற்றுக்கும் அதுதான் அடிப்படை. இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரின் புகையிலையில் ரோஜா, ஜெரேனியம் வாசம் தூக்கலாக இருக்கும். முதன்முதலாக அந்த டப்பாவைத் திறந்தபோது, எங்கள் அப்பாயியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் பன்னீர்ப் புகையிலையைத் திறந்தது மாதிரியே இருந்தது.

வீட்டில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. லட்டாக்கியா என்று ஒரு ரகம், சைப்ரஸில் விறகுப் புகையில் பதப்படுத்துவது. எனக்குப் பிடிக்கும். என் மனைவிக்கு ஆகவே ஆகாது. "வனிலான்னா இருந்துட்டுப் போகட்டுங்க. அந்தக் கரிப்புகை மட்டும் என் துணிமணியில ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். பைப் பிடிக்கிற பலர் வீட்டிலும் இதே கதைதான். வாசனைப் புகையிலை பிடிப்பவருக்காக மட்டுமல்ல, கூட இருப்பவர்களுக்காகவும்தான்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். 2009-இலேயே மத்திய அரசு சிகரெட்டில் வாசனை சேர்ப்பதைத் தடை செய்துவிட்டது, மெந்தாலை மட்டும் விட்டுவைத்து. அப்புறம் வேப் எனப்படும் மின்சிகரெட் வந்தது. 2019-இல் நாடு முழுக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் மின்சிகரெட் பிடிப்பதாக அரசு ஆய்வு சொன்னது. அந்த வருடம் என் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளிக் கழிப்பறையில் மாம்பழ வாசனையும் புதினா வாசனையும் வருகிறது என்று அவளே வந்து சொன்னாள். அதே செப்டம்பரில் வேப்பால் நுரையீரல் கெட்டுப்போன நோயாளிகள் பெருகியதும் அப்போதைய ஆளுநர் சார்லி பேக்கர் அவசரநிலை அறிவித்து வேப் விற்பனையைத் தற்காலிகமாக அடியோடு நிறுத்தினார். நவம்பர் 27 அன்று புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். மெந்தால் சிகரெட் உட்பட வாசனை சேர்த்த எல்லாப் புகையிலைப் பொருள்களையும் தடை செய்த முதல் மாநிலம் மாசசூசெட்ஸ். ஒரு தகப்பனாக அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்றும் அந்த நிம்மதி போகவில்லை.

ஆனால் அந்த 'எல்லா' என்பதில் பெரியவரின் டப்பாவும் சேர்ந்துவிட்டது. 2020 ஜூன் 1 முதல் செர்ரியும் வனிலாவும் சேர்ந்த பைப் புகையிலையை இங்கே கடையில் விற்கக்கூடாது. விற்கும் கடைக்குத்தான் அபராதம். வாங்கி வைத்திருப்பவர் மேல் வழக்கு இல்லை. ஒரே விலக்கு, புகைபிடிப்பதற்கென்றே உரிமம் பெற்ற பார்கள். அங்கேயே உட்கார்ந்து பிடிக்கலாம், வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. வயதானவர்களுக்கு அது எந்த வகையிலும் உதவாது. தடை வந்த நேரமும் கொரோனா காலம். வாடிக்கையாளர் கடைக்குள் போக முடியாமல், சொல்லிவைத்து வாசலில் வாங்கிக்கொண்டிருந்த வாரங்கள். பெரியவர் மே மாதமே கிடைத்ததை எல்லாம் வாங்கி மேசன் ஜார் என்ற காற்றுப் புகாத கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, தேதி எழுதி ஒட்டி, நிலவறை அலமாரியில் அடுக்கினார். வர்ஜீனியா இலை ஜாரில் வருடக்கணக்காக இருந்தால் ருசி ஏறும். வாசனை தெளித்தது அப்படி இல்லை, நாளாக ஆக மேல்வாசம் இறங்கிப்போகும். எவ்வளவு வாங்கி வைத்தாலும் அது தீர்வாகாது என்று அவருக்கும் தெரியும்.

பைப்காரர்களை அதிகம் குழப்புவது, சட்டம் எதை வாசனை என்கிறது என்பதுதான். புகையிலையின் வாசம் தவிர, பிடிக்கும் முன்போ பிடிக்கும்போதோ தனியாகத் தெரிகிற சுவையோ மணமோ இருந்தால் அது வாசனைப் புகையிலை. பழம், சாக்லேட், வனிலா, தேன், மது, மூலிகை, மசாலா என்று பட்டியல் நீள்கிறது. லூயிசியானாவில் செயின்ட் ஜேம்ஸ் பாரிஷ் என்ற பகுதியில் பெரிக் என்று ஒரு இலை உண்டு. பீப்பாயில் போட்டு இறுக்கி மாதக்கணக்கில் புளிக்கவைப்பார்கள். எதுவும் சேர்க்காமலே அத்திப்பழமும் உலர்ந்த பிளம் பழமும் கலந்த மணம் வரும். நல்ல வர்ஜீனியாவில் வைக்கோலும் உலர்ந்த திராட்சையும் மணக்கும். இதெல்லாம் புகையிலையின் வாசமா, பழத்தின் வாசமா? தயாரிப்பாளர் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறார் என்பதும் கணக்கில் வருவதால், அபராதத்துக்குப் பயந்த கடைக்காரர் சந்தேகமானதை அலமாரியிலிருந்தே எடுத்துவிடுகிறார். முதல் தவறுக்கே ஆயிரம் டாலர் என்றால் வேறு என்ன செய்வார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வழி சுலபம். எல்லைக்கு அப்பால் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் நாஷுவா ஊர் அரை மணி நேரம்கூட இல்லை. அங்கே இந்தத் தடையும் இல்லை, விற்பனை வரியும் இல்லை. சனிக்கிழமை கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் மாசசூசெட்ஸ் நம்பர் பிளேட். ராத்திரியில் வண்டி ஓட்டத் தயங்கும் வயதில், மாநிலத்தின் தெற்கு மூலையில் இருப்பவருக்கு அது முடியாது. இணையக் கடைகளில் பலவும் நம் முகவரியைப் பார்த்தாலே வாசனை ரகங்களை அனுப்ப மறுக்கின்றன.

பைப் புகையிலைக்கு விலக்கு கேட்டாலே சட்டமன்றத்தில் ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 2009-இல் மத்திய அரசு கையால் சுருட்டும் சிகரெட் புகையிலைக்கு வரியைப் பவுண்டுக்கு 24.78 டாலராக ஏற்றியது. பைப் புகையிலைக்கு 2.83 டாலர்தான். உடனே கம்பெனிகள் சிகரெட் புகையிலையையே பைப் புகையிலை என்று பெயர் மாற்றி ஒட்டி விற்றன. அதே போல, வாசனை சிகரெட்டுக்குத் தடை வந்ததும் அதே வாசனையில் சின்னச் சுருட்டுகள் வந்து குவிந்தன. ஒருமுறை இப்படி ஏமாந்தவர்கள் அடுத்த முறை கதவைத் திறந்துவைப்பார்களா? உண்மையான பைப்காரர்கள் இன்று படும் பாட்டுக்கு அந்தக் கம்பெனிகளும் பொறுப்பு.

ஆனாலும் வழி இருக்கிறது. கலிஃபோர்னியா 2020-இல் இதே போன்ற சட்டம் போட்டது. கம்பெனிகள் அதை எதிர்த்துப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுபோயின. 2022 நவம்பரில் மக்கள் பெரும்பான்மையாகச் சட்டத்தை ஆதரித்தார்கள். மெந்தால் சிகரெட், வாசனை வேப் எல்லாம் போயிற்று. பைப்புக்கான உதிரிப் புகையிலைக்கு அந்தச் சட்டம் விலக்குக் கொடுத்தது. அதிலும், சிகரெட் சுருட்டத் தோதாக இருக்கிற எதுவும் அந்த விலக்கில் வராது என்று வரையறையிலேயே எழுதிவிட்டார்கள். பழைய தில்லுமுல்லுக்கு வழி அடைபட்டது. கிழவர்களின் டப்பாவும் தப்பித்தது. சான் ஃபிரான்சிஸ்கோ போல மாநிலத்தைவிடக் கடுமையாகச் சட்டம் போட்ட நகரங்களும் அங்கே உண்டு. ஆனாலும் மாநிலச் சட்டம் வைத்திருக்கும் அளவு எனக்கு நியாயமாகப் படுகிறது.

இங்கே காற்று வேறு திசையில் அடிக்கிறது. புரூக்லைன் நகரத்தில் 2000 ஜனவரி 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு எந்தப் புகையிலையும் எந்த வயதிலும் விற்கக்கூடாது. மாநில உச்ச நீதிமன்றம் 2024-இல் அது செல்லும் என்றது. வேறு ஊர்களும் அந்த வழியில் போகின்றன. என் மகள் தலைமுறையே புகையிலையைத் தொடாமல் வளர்ந்தால் எனக்குச் சந்தோஷம்தான். நான் கேட்பது, ஐம்பது வருடமாக ஒரே கலவையைப் பிடித்துவரும் பெரியவர்களுக்காக மட்டும்.

சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். எனக்குக் குடியுரிமை இல்லை, ஓட்டும் இல்லை. "இந்தத் தொகுதியில குடியிருக்க, வரி கட்டற. எழுத அது போதும்" என்றார். எழுதினேன். வாசனை வேப், மெந்தால் தடை அப்படியே இருக்கட்டும். 21 வயது நிரம்பாதவர் உள்ளேயே வர முடியாத புகையிலைக் கடைகளில் மட்டும் பைப்புக்கான உதிரிப் புகையிலையை விற்க அனுமதியுங்கள். வரையறைக்குக் கலிஃபோர்னியாவின் வாசகங்களையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து மரியாதையான பதில் வந்தது, கருத்தைப் பதிவு செய்துகொண்டதாக. அடுத்த கூட்டத்தொடருக்குள் தன் பழைய மேனார்டு சகாக்களையும் எழுதவைப்பதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். அவர்களுக்காக அந்தக் கடிதத்தை ஒரே பக்கத்தில் சுருக்கித் தரும் வேலை என்னுடையது.